பெரிய டேபிளில் மட்டும் விழும் சர்வர்: புதிய இண்டெக்ஸ் வசதியைச் சோதிக்கையில் வந்த கிராஷை எப்படித் துரத்துவது?

கேள்வி சுருக்கமாக இது. போஸ்ட்கிரெஸ் (PostgreSQL என்னும் டேட்டாபேஸ் சர்வர்) மூலநிரலை இறக்கி, அதன்மேல் ஒரு பேட்சைப் (மூலநிரலில் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு இண்டெக்ஸ் (வரிசைகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) வகையைப் பல ஒர்க்கர்கள் (துணை ப்ராசஸ்கள்) சேர்ந்து கட்டுவதற்கான புதிய வசதி அது. ஆயிரம் வரிசை உள்ள டேபிளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. 50 லட்சம் வரிசை உள்ள டேபிளில் கிரியேட் இண்டெக்ஸ் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் இணைப்பு அறுந்துவிடுகிறது. லாகில் சிக்னல் 11 என்று இருக்கிறது. மறுபடி ஓட்டினால் சில முறை விழுகிறது, சில முறை முடிந்துவிடுகிறது. தவறு பேட்சிலா உங்கள் பக்கமா, இருக்கும் டேட்டாவுக்கு ஆபத்தா, எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். கிராஷ் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ப்ராசஸ் எந்த சிக்னலில் (இயங்குதளம் அனுப்பும் நிறுத்த அறிவிப்பு) செத்தது என்பதில்தான் வழி பிரிகிறது. 11 என்றால் தனக்குச் சொந்தமில்லாத மெமரி முகவரியைத் தொட்டிருக்கிறது. 6 என்றால் தானே தன்னை நிறுத்திக்கொண்டது: ஏதோ ஒரு அசர்ட் (இது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று நிரலில் எழுதிவைத்த சோதனை) பொய்த்திருக்கும், அல்லது பானிக் (இனித் தொடர முடியாது என்று சர்வரே கைவிடும் பிழை) வந்திருக்கும். இரண்டிலுமே லாகில் சற்று மேலே காரணம் எழுதியிருக்கும். 9 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். லினக்ஸில் பெரும்பாலும் மெமரி தீர்ந்துபோய் கர்னலே கை வைத்திருக்கும். அதற்கு டிபக்கரை (நிரலின் உள்ளே பார்க்கும் கருவி) திறப்பது வீண்வேலை, கர்னல் லாகைப் பாருங்கள். 4 வந்தால் வேறொரு கணினியின் சிபியுவுக்காகக் கம்பைல் செய்த பைனரியை இங்கே ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். உங்களுடையது 11 என்பதால் டிபக்கர் வேலைதான்.

அதே லாக் வரியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. செத்தது யார்? சாதாரண இணைப்பு என்றால் "சர்வர் ப்ராசஸ்" என்று இருக்கும். துணைக்கு வந்தவர் என்றால் "பேக்கிரவுண்ட் ஒர்க்கர்" என்று தொடங்கி "பேரலல் ஒர்க்கர்" என்ற பெயரும் வரும். நீங்கள் அனுப்பிய லாகில் இரண்டாவதுதான் இருக்கிறது. அதாவது, உங்கள் கட்டளையை வாங்கிக்கொண்ட லீடர் உயிரோடுதான் இருந்தது, விழுந்தது ஒர்க்கர். ஒரு ஒர்க்கர் இப்படிச் செத்தால், பகிர்ந்த மெமரியை அது கெடுத்துவிட்டுப் போயிருக்கலாம் என்று போஸ்ட்மாஸ்டர் (சர்வரின் தலைமை ப்ராசஸ்) எடுத்துக்கொண்டு, மீதி எல்லா ப்ராசஸ்களையும் நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். சம்பந்தமே இல்லாத மற்ற இணைப்புகளும் அறுந்தன என்று எழுதியிருந்தீர்கள் அல்லவா, அது தனிக் கோளாறு இல்லை. அது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு.

இனி மறுபடி ஓட்டிப் பார்க்குமுன் கொஞ்சம் நில்லுங்கள். கிராஷ் வந்ததும் எல்லோரும் செய்கிற காரியம், அதே கட்டளையை இன்னும் நான்கு முறை கொடுப்பது. அதில் தப்பில்லை, ஆனால் முதலில் தடயம் விழ இடம் செய்துவிட்டுக் கொடுங்கள். சர்வரைத் தொடங்குகிற ஷெல்லிலேயே கோர் ஃபைலின் (ப்ராசஸ் சாகும்போது அதன் மெமரியை எழுதிவைக்கும் ஃபைல்) அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டும். சர்வரைத் தொடங்கும் பிஜி_சிடிஎல் கட்டளைக்கு இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. பிறகு கர்னலின் கோர்_பேட்டர்ன் அமைப்பைப் பாருங்கள். அது செங்குத்துக் கோட்டில் தொடங்கினால் கோர் ஃபைல் டேட்டா டைரக்டரிக்கு வராது, வேறொரு நிரலிடம் போய்ச் சேரும். சிஸ்டம்டி உள்ள கணினியில் கோர்டம்ப்சிடிஎல் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். "கோர் ஃபைலே வரவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது வந்திருக்கிறது, வேறு இடத்தில். கூடவே ரீஸ்டார்ட்_ஆஃப்டர்_கிராஷ் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். விழுந்த சர்வர் தானாக எழுந்து, மீட்பு ஓட்டி, தடயங்களின்மேல் நடந்து போகாமல் அப்படியே கிடக்கும்.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒரு கேள்வி. பேட்சைப் போட்டபின் முழுவதையும் அழித்துவிட்டுக் கம்பைல் செய்தீர்களா, அல்லது வெறுமனே மேக் (மாறிய ஃபைல்களை மட்டும் கம்பைல் செய்யும் கருவி) மட்டும் கொடுத்தீர்களா?

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. ஒருமுறை இதே மாதிரி ஒரு பேட்சைச் சோதிக்கும்போது சம்பந்தமில்லாத இடங்களிலெல்லாம் கிராஷ். ஒருமுறை வேக்யூமில் (செத்த வரிசைகளைத் துப்புரவு செய்யும் வேலை), ஒருமுறை பிளானரில் (கேள்வியை ஓட்டும் வழியைத் தேரும் பகுதி), ஒருமுறை சும்மா இணைப்பு கொடுத்ததற்கே. இரண்டு நாள் உட்கார்ந்து பேட்சை வரி வரியாகப் படித்தேன். பேட்சில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு ஹெடர் ஃபைலில் (பல சி ஃபைல்கள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புகள்), ஒரு ஸ்ட்ரக்சரின் (பல ஃபீல்டுகளை அடுக்கிய தொகுப்பு) நடுவில், 8 பைட் அளவுள்ள ஒரு புதிய ஃபீல்டைச் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான். பழைய கான்ஃபிகர்-மேக் முறையில், எனேபிள்-டிபெண்ட் என்ற விருப்பம் இல்லாமல் கட்டினால், ஹெடர் மாறியதை மேக் கண்டுகொள்ளாது. பேட்ச் நேரடியாகத் தொட்ட சி ஃபைல்கள் மட்டும் புதிதாகக் கம்பைல் ஆகும். அதே ஹெடரைச் சேர்க்கிற மற்ற ஃபைல்கள் பழைய ஆப்ஜெக்டாகவே இருக்கும். ஆக, புதிய ஃபைல் ஒரு பாயின்டரை (மெமரி முகவரியை) 32-ஆம் பைட்டில் எழுதுகிறது, பழைய ஃபைல் அதை 24-ஆம் பைட்டில் தேடுகிறது. ஒரே பைனரிக்குள் இரண்டு வரைபடம். முழுதாகச் சுத்தம் செய்து கட்டியதும் எல்லா கிராஷும் போய்விட்டது. இரண்டு நாளைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

மேசான் முறையில் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை, சார்புகளை அதுவே பார்த்துக்கொள்ளும். 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பிலிருந்து அது இருக்கிறது. ஆனால் தனியாகக் கட்டிய எக்ஸ்டென்ஷன்களுக்கு (சர்வரில் ஏற்றும் துணை நிரல்களுக்கு) மேசானும் காவல் இல்லை. ஒரு எக்ஸ்டென்ஷனை ஏற்றும்போது சர்வர் பார்ப்பது முக்கியமாகப் பெரிய பதிப்பு எண்ணையும் சில மாறிலிகளையும்தான். பேட்ச் ஒரு ஸ்ட்ரக்சரை மாற்றியிருக்கிறது என்பது அந்தச் சோதனையில் தெரியாது. இண்டெக்ஸ் வகைகளின் செயல்பாடுகளை அடுக்கி வைக்கும் அந்தப் பெரிய ஸ்ட்ரக்சரில் புதிய வசதிக்காக ஒரு ஃபீல்டு சேர்ந்திருந்தால், பழைய ஹெடரில் கட்டிய எக்ஸ்டென்ஷன் அங்கே கொடுப்பது குப்பை. ஆகவே எக்ஸ்டென்ஷன்களையும் மறுபடி கட்டுங்கள்.

டேட்டா டைரக்டரியிலும் இதே கதை ஒன்று உண்டு. கேட்டலாக் (சிஸ்டம் டேபிள்களின் தொகுப்பு) பதிப்பு எண் என்று ஒன்று இருக்கிறது. சிஸ்டம் டேபிள்கள் மாறினால் அதை ஏற்றுவார்கள், எண் பொருந்தாத பழைய டைரக்டரியைச் சர்வர் திறக்க மறுக்கும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் பேட்ச் எழுதுபவர்கள் பொதுவாக அந்த எண்ணைத் தொடமாட்டார்கள். எல்லா பேட்சும் அந்த ஒரே வரியில் மோதிக்கொள்ளும் என்பதால், பேட்சை மூலநிரலில் சேர்க்கிறவர்தான் கடைசியில் ஏற்றுவார். விளைவு: பேட்ச் கேட்டலாகை மாற்றியிருக்கும், எண் மாறியிருக்காது, உங்கள் பழைய டைரக்டரியைச் சர்வர் வாயைத் திறக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு எங்கேயோ விழும். எனவே ஒவ்வொரு புதிய பேட்சுக்கும் இனிட்டிபி (டேட்டா டைரக்டரியை உருவாக்கும் கட்டளை) புதிதாக ஓட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்தபிறகும் கிராஷ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டும்போதே எனேபிள்-கேசர்ட் (அசர்ட்களை இயக்கும் விருப்பம்) போட்டிருக்க வேண்டும், டிபக் விவரங்களும் வேண்டும், ஆப்டிமைசேஷன் (கம்பைலரின் வேகமூட்டல்) அளவு பூஜ்யம். இல்லையென்றால் டிபக்கரில் எந்த மாறியைக் கேட்டாலும் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்று கையை விரிக்கும். பூஜ்யத்தில் வைத்ததும் கிராஷ் மறைந்துவிட்டால் திரும்ப இரண்டுக்குப் போய், டிபக் விவரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அசர்ட்டோடு கட்டிய சர்வர் மெதுவாகத்தான் ஓடும், அதில் வேகத்தை அளந்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். பல சமயம் அசர்ட் போட்டதுமே சிக்னல் 11 போய் 6 வரும். அது முன்னேற்றம். சர்வர் கண்மூடிக் கிணற்றில் விழுவதற்கு நான்கு அடி முன்னாலேயே யாரோ கையைப் பிடித்திருக்கிறார்கள். எந்த ஃபைல், எந்த வரி, எந்த நிபந்தனை பொய்த்தது என்று லாகில் "ட்ராப்" (TRAP) என்று தொடங்கும் வரியில் இருக்கும்.

இனி, பெரிய டேபிளில் மட்டும் ஏன்? "டேட்டா அதிகம், அதனால் கிராஷ்" என்பது விடையே ஆகாது. அளவு கூடும்போது சர்வர் வேறு பாதையில் போகிறது, அந்தப் பாதைதான் உடைந்திருக்கிறது. எந்த எல்லையைத் தாண்டியதும் பாதை மாறுகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் மூன்று எல்லைகள். ஒன்று, டேபிள் 8 எம்பிக்குக் கீழே இருந்தால் சர்வர் ஒர்க்கர்களைக் கூப்பிடவே கூப்பிடாது. மின்_பேரலல்_டேபிள்_ஸ்கேன்_சைஸ் என்ற அமைப்பின் இயல்பான மதிப்பு அது. ஆயிரம் வரிசையில் நீங்கள் சோதித்தது புதிய வசதியையே இல்லை, பழைய ஒற்றை ஆள் பாதையைத்தான். இரண்டு, மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம் இயல்பாக 64 எம்பி. வரிசைப்படுத்தும் பொருள் அதைத் தாண்டினால் டிஸ்கில் தற்காலிக ஃபைல்களுக்குப் போய், பிறகு அவற்றைச் சேர்க்கிற வேறு கோடு (code, நிரல் பகுதி) ஓடும். மூன்று, வரிசைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் நீளம். ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டும் வரிசையில் நீளமான மதிப்புகள் சுருக்கப்படும், அல்லது டோஸ்ட் என்கிற தனி டேபிளுக்குப் போய்விடும். இண்டெக்ஸ் கோடு அதைத் திரும்ப விரித்து எடுக்க வேண்டும். பெரிய டேபிளில் அப்படி ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் மாட்டியிருக்கிறேன். "டிஸ்குக்குப் போகிற பாதைதான் சந்தேகம், மெமரியைக் குறைத்தால் சின்ன டேபிளிலேயே அதை வரவழைக்கலாம்" என்று மெயின்டெனன்ஸ்_ஒர்க்_மெம்மை 1 எம்பிக்கு இறக்குவோம். கிராஷ் வராது. "அப்படியானால் டிஸ்க் பாதையில் குற்றமில்லை" என்று முடிவுகட்டுவோம். தவறு. இண்டெக்ஸ் கட்டும்போது லீடரையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் குறைந்தது 32 எம்பி கிடைக்குமா என்று சர்வர் பார்க்கிறது; கிடைக்காவிட்டால் ஒர்க்கர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும். 1 எம்பி என்று சொன்ன கணமே ஒர்க்கர்கள் பூஜ்யம். நீங்கள் ஒன்றை மாற்றியதாக நினைத்தீர்கள், இரண்டு மாறிவிட்டது. 64 எம்பியிலும் இதே கணக்கின்படி லீடரும் ஒரே ஒரு ஒர்க்கரும்தான். எத்தனை ஒர்க்கர் என்று நீங்கள் அமைப்பில் எழுதினாலும் அவ்வளவுதான்.

இதற்கு வழி உண்டு. டேபிளுக்கே பேரலல்_ஒர்க்கர்ஸ் என்ற விருப்பத்தை ஆல்டர் டேபிள் மூலம் வைத்துவிட்டால், சர்வர் டேபிள் அளவையும் பார்க்காது, மெமரிப் பங்கையும் பார்க்காது. மேக்ஸ்_பேரலல்_மெயின்டெனன்ஸ்_ஒர்க்கர்ஸ் என்ற உச்சவரம்பை மட்டும் பார்க்கும். அது இயல்பாக 2. பேட்சின் கோடும் மற்ற இண்டெக்ஸ் வகைகளைப் போல இதே கணக்கை நம்பியிருந்தால், 2 ஒர்க்கர், 1 எம்பி மெமரி, பத்தாயிரம் வரிசை என்று சின்ன மேடையிலேயே முழு நாடகத்தையும் நடத்தலாம். அப்புறம் ஒன்றொன்றாக மாற்றுங்கள். ஒர்க்கர் பூஜ்யம், மெமரி குறைவு: விழுகிறதா? ஒர்க்கர் 2, மெமரி தாராளம்: விழுகிறதா? ஒவ்வொரு சேர்க்கையையும் இருபது முறையாவது ஓட்டுங்கள், ஏனென்றால் உங்களுடையது சில முறை மட்டும் விழுகிற வகை. ஒருமுறை முடிந்ததை "சரியாக இருக்கிறது" என்று குறித்துக்கொள்ளக் கூடாது.

டேபிளின் நெடுவரிசை (column) வகையையும் மாற்றிப் பாருங்கள். நான் முதலில் செய்வது இதுதான்: அதே டேபிள், இன்டிஜர் (முழு எண்) நெடுவரிசையில் ஒரு இண்டெக்ஸ், டெக்ஸ்ட் (எழுத்து) நெடுவரிசையில் ஒரு இண்டெக்ஸ். இன்டிஜர் மதிப்பாகவே கைமாறும். டெக்ஸ்ட் அப்படியில்லை, கைமாறுவது பாயின்டர் மட்டும்; எழுத்துகள் வேறெங்கோ மெமரியில் கிடக்கும். இன்டிஜரில் நூறு முறையும் முடிந்து, டெக்ஸ்டில் மட்டும் விழுந்தால், யாரோ பொருளைப் பிரதி எடுக்காமல் விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தைரியமாகச் சந்தேகிக்கலாம்.

அதை டிபக்கரில் நேரில் பார்க்க முடியும். கோர் ஃபைலை ஜிடிபி டிபக்கரில் திறந்து முழு ஸ்டேக்கை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற அடுக்கு; ஒவ்வொரு படியும் ஒரு ஃப்ரேம்) கேளுங்கள். சிக்னல் 11 விழுந்த இடம், அதாவது பூஜ்யமாவது ஃப்ரேம், பெரும்பாலும் ஒரு அப்பாவி: இரண்டு சரங்களை ஒப்பிடும் ஃபங்ஷன், அல்லது மெமரியைப் பிரதி எடுக்கும் ஃபங்ஷன். பத்து வருடமாக மாறாத கோடு. அதைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று ஃப்ரேம் மேலே ஏறி, பேட்சின் சொந்த ஃபங்ஷனுக்கு வந்து, அங்குள்ள ஸ்ட்ரக்சரை அச்சிடுங்கள். அதில் கீயின் (இண்டெக்ஸில் சேரும் மதிப்பின்) நீளம் என்ற ஃபீல்டு 14 என்றோ 30 என்றோ இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

2139062143

இந்த எண்ணை மறக்காதீர்கள். கேசர்ட்டோடு கட்டிய போஸ்ட்கிரெஸ், விடுவிக்கப்பட்ட மெமரியின் ஒவ்வொரு பைட்டிலும் 127 என்ற மதிப்பை எழுதிவைக்கும். நான்கு பைட்டைச் சேர்த்து முழு எண்ணாகப் படித்தால் வருவது 2139062143. இரண்டு பைட் ஃபீல்டாக இருந்தால் 32639. ஸ்டேக்கில் இவற்றில் ஒன்றைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு ஊகிக்க எதுவும் இல்லை: விடுவித்த இடத்தை யாரோ இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எப்படி விடுவிக்கப்பட்டது? இண்டெக்ஸ் கட்டும் கோட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தற்காலிக மெமரி கான்டெக்ஸ்ட் இருக்கும். அந்த வரிசைக்கு வேண்டியதையெல்லாம் அதில் வாங்கிக்கொண்டு, வரிசை முடிந்ததும் மொத்தமாக ரீசெட் செய்துவிடுவார்கள். ஒரு வரிசையைத் தாண்டி வாழ வேண்டிய எதையும் அதிலிருந்து நீண்டகாலக் கான்டெக்ஸ்டுக்குப் பிரதி எடுத்திருக்க வேண்டும். புதிய கோடு எழுதுகிறவர், "முந்தைய கீயும் இப்போதைய கீயும் ஒன்றா" என்று பார்ப்பதற்காக முந்தைய கீயின் பாயின்டரை வைத்துக்கொள்வார். அதற்குள் ரீசெட் நடந்துவிடும். இப்போது உங்கள் "சில முறை மட்டும்" என்பதும் புரிந்துவிடும். கேசர்ட் இல்லாத சர்வரில் விடுவித்த இடத்தில் பழைய எழுத்துகள் அப்படியே கிடக்கும், வேறு யாராவது வந்து அங்கே குடியேறும்வரை. குடியேறாவிட்டால் கிராஷ் இல்லை, விடைகூடச் சரியாக வரும். வரிசைகள் எந்த ஒர்க்கருக்கு எந்த ஒழுங்கில் போய்ச் சேர்ந்தன என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுவதால், குடியேற்றமும் மாறும்.

எண் இது இல்லாமல் வேறு குப்பையாக இருந்தால் வேறு இரண்டு வழிகளைப் பாருங்கள். விழுந்த இடம் மெமரி வாங்கும் ஃபங்ஷனுக்கோ விடுவிக்கும் ஃபங்ஷனுக்கோ உள்ளேயே என்றால், யாரோ தன் இடத்தைத் தாண்டி அடுத்த வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். "மெமரித் துண்டின் (சங்க்) முடிவைத் தாண்டி எழுதப்பட்டது" என்ற பொருளில் கேசர்ட் சர்வர் லாகில் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கும், தேடுங்கள். இரண்டாவது, ஒர்க்கர் வசதிக்கே உரிய தவறு: லீடர் தன் சொந்த மெமரியின் பாயின்டரைப் பகிர்ந்த மெமரியில் எழுதிவைத்து, ஒர்க்கர் அதைப் பிடித்துப் போவது. ஒர்க்கரைப் பெற்றது போஸ்ட்மாஸ்டர், லீடர் இல்லை. லீடரின் தனி மெமரி ஒர்க்கரிடம் இருக்காது. பகிர்ந்த பகுதியேகூட இருவரிடமும் ஒரே முகவரியில் இருக்கும் என்ற உறுதி கிடையாது. இந்த வகைத் தவறு பெரும்பாலும் முதல் ஓட்டத்திலேயே விழுந்துவிடும் என்பதால் உங்கள் விஷயத்தில் எனக்கு அதன்மேல் சந்தேகம் குறைவு.

விடுவித்தவர் யார் என்று கையும் களவுமாகப் பிடிக்க ஆர்.ஆர். என்ற கருவி இருக்கிறது. மொசில்லாவில் உருவானது, ஓட்டத்தைப் பதிவுசெய்து, பிறகு டிபக்கரில் பின்னோக்கி ஓட்டலாம். கெட்டுப்போன முகவரியின்மேல் ஒரு வாட்ச்பாயின்ட் வைத்துவிட்டுப் பின்னோக்கி விட்டால், அதில் 127 எழுதிய அந்தக் கணத்தில் போய் நிற்கும். பார்க்கவே அழகாக இருக்கும். ஒரு குறை, அது எல்லாவற்றையும் ஒரே சிபியு கோரில் ஓட்டுகிறது; இருவர் ஒரே நேரத்தில் மோதுவதால் வரும் தவறுகள் அதில் ஒளிந்துகொள்ளும். வால்கிரைண்டிலும் ஓட்டலாம், போஸ்ட்கிரெஸின் மெமரி முறையைப் புரிந்துகொள்ளும்படி கட்டுவதற்குத் தனி மேக்ரோ உண்டு. ஆனால் ஆமை வேகம், அதனால்தான் முதலில் பத்தாயிரம் வரிசைக்கு இறக்கச் சொன்னேன்.

மறுபடி நடத்திக் காட்டும் ஸ்கிரிப்டில் உங்கள் உண்மையான டேட்டா வேண்டாம். ஜெனரேட்_சீரிஸில் எண்களை எடுத்து, எம்டி5-ஆல் சரமாக்கி நிரப்புங்கள். ரேண்டம் வேண்டுமென்றால் முன்னால் செட்சீட் கொடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் ஒரே டேட்டா கிடைக்கும். ஆனால் நீளங்கள் எல்லாம் 32 எழுத்தாகவே இருந்துவிடக் கூடாது. மதிப்பே இல்லாதது (NULL), காலிச் சரம், 126 பைட்டுக்கு உட்பட்டது, அதைத் தாண்டியது, 2 கேபியைத் தாண்டியது என்று கலந்து வையுங்கள். அந்த 126 எதற்கு என்றால், டேபிளில் சேமிக்கும்போது அதுவரையிலான மதிப்புகளுக்கு ஒரு பைட் தலைப்பும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு நான்கு பைட் தலைப்பும் வரும். எப்போதும் நான்கு என்று நம்பி எழுதிய கோடு சிறிய சரங்களில் மூன்று பைட் தள்ளிப் படிக்கும்.

டேட்டா பற்றிக் கேட்டீர்கள். டேபிளில் இருப்பவற்றைப் பொறுத்தவரை, சர்வர் எழும்போது முன்னெழுது பதிவேட்டிலிருந்து (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் WAL) மீட்டுவிடும். முடியாத கிரியேட் இண்டெக்ஸ் நடக்காததாகவே ஆகிவிடும். ஆனால் பாதி கட்டிய இண்டெக்ஸின் ஃபைல் டிஸ்கில் அனாதையாகக் கிடக்கும், கிராஷுக்குப் பின் அதை யாரும் அள்ளுவதில்லை. இருபது முப்பது முறை விழவைத்தால் டிஸ்க் நிறைவது அதனால்தான். கன்கரன்ட்லி (டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் விருப்பம்) போட்டுக் கட்டியிருந்தால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று கேட்டலாகிலேயே நிற்கலாம், அதை நீங்களே நீக்க வேண்டும். எப்படியிருந்தாலும் பேட்ச் போட்ட சர்வரில், தொலைந்தால் வருத்தப்படும்படியான டேட்டாவை வைக்காதீர்கள்.

நான் உண்மையில் பயப்படுகிற கிராஷ் வேறு: மீட்பின்போதே விழுவது. புதிய இண்டெக்ஸ் கோடு பதிவேட்டில் தவறாக ஒன்றை எழுதியிருந்தால், சர்வர் எழ முயலும், அதைப் படிக்கும், விழும். மறுபடி எழ முயலும், மறுபடி அதே இடம். அப்போது டைரக்டரியை அப்படியே பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிஜி_வால்டம்ப் கொண்டு கடைசிப் பதிவைப் பாருங்கள். இது வருமுன்பே தெரிந்துகொள்ள, வால்_கன்சிஸ்டன்சி_செக்கிங் என்ற அமைப்பைப் போட்டுவிட்டு ஒரு ஸ்டாண்ட்பை (பதிவேட்டைப் படித்துப் பின்தொடரும் நகல்) சர்வரை ஓடவிடலாம். பதிவைப் படித்துக் கட்டிய பக்கமும் அசல் பக்கமும் ஒன்றா என்று அது ஒப்பிடும். இண்டெக்ஸுக்குப் பதிவேடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹாஷ் இண்டெக்ஸே சாட்சி: 2017-இல் 10-ஆம் பதிப்பு வரும்வரை அதற்குப் பதிவேடே கிடையாது. கிராஷ் ஆனால் ரீஇண்டெக்ஸ் செய்யுங்கள் என்று ஆவணத்திலேயே எழுதியிருந்தது.

கிராஷ் நின்றதும் சோதனை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். விழுகிற இண்டெக்ஸ் தன் தவறைக் கத்திச் சொல்கிறது. விழாமல் நான்கு வரிசையை விட்டுவிடுகிற இண்டெக்ஸ் சொல்லாது. 14-ஆம் பதிப்பில் அப்படி நடந்தது. கன்கரன்ட்லி கட்டும்போது வேக்யூம் காத்திருக்க வேண்டாம் என்று செய்த ஒரு வேகமூட்டல், நடுவில் மாறிய வரிசைகள் சில இண்டெக்ஸில் சேராமலே போக வழிவிட்டது. எந்தக் கிராஷும் இல்லை, தேடினால் வரிசை கிடைக்காது, அவ்வளவே. 2022 ஜூனில் 14.4 என்று வழக்கமான அட்டவணைக்கு வெளியே ஒரு பதிப்பு விட்டு அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஆகவே இண்டெக்ஸ் கட்டி முடிந்த ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேளுங்கள்: எனேபிள்_சீக்ஸ்கேனை (முழு டேபிளையும் படிக்கும் வழியை) அணைத்து ஒருமுறை, இண்டெக்ஸ் ஸ்கேன்களையும் பிட்மேப் ஸ்கேனையும் அணைத்து ஒருமுறை. எக்ஸ்ப்ளெய்னில் (கேள்வியை எப்படி ஓட்டும் என்று காட்டும் கட்டளை) பிளான் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடைகளை ஒப்பிடுங்கள். பி-ட்ரீ என்றால் ஏஎம்செக் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதில் ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு விருப்பத்தைப் போட்டால் டேபிளில் உள்ள ஒவ்வொரு வரிசையும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்த்துவிடும்.

கடைசியாக, தவறு யாருடையது என்ற கேள்வி. அதே மூலநிரலை, அதே அமைப்புகளோடு, பேட்ச் இல்லாமல் இன்னொரு டைரக்டரியில் சுத்தமாகக் கட்டி அதே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். அங்கும் விழுந்தால் பேட்ச் எழுதியவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், கிட் பைசெக்ட் (கமிட்களைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் கட்டளை) போட்டு எந்தக் கமிட்டில் ஆரம்பித்தது என்று பாருங்கள். அங்கே விழாமல் பேட்சில் மட்டும் விழுந்தால் அவருக்கு எழுதலாம். எழுதும்போது எந்தக் கமிட்டின்மேல் எந்தப் பேட்ச் பதிப்பைப் போட்டீர்கள், கட்டிய விருப்பங்கள், ஸ்கிரிப்ட், முழு ஸ்டேக், இருபதில் எத்தனை முறை விழுந்தது என்பது இருந்தால் போதும். ஸ்டேக்கைப் படமாக எடுத்து அனுப்பாதீர்கள், தேட முடியாது. லீடருடைய ஸ்டேக்கையும் ஒர்க்கருடையதையும் குழப்பாமல் எது எது என்று குறித்துவிடுங்கள். பேரலல்_ஒர்க்கர்ஸை டேபிளில் கையால் வைத்தீர்களா, சர்வரே முடிவுசெய்ததா என்பதையும் எழுதுங்கள். அவர் முதலில் திருப்பிக் கேட்கப்போவது அதைத்தான்.